மதில் கட்டினீர்கள், யானை எங்கள் பக்கம் திரும்பிவிட்டது

கோவை தடாகம் பள்ளத்தாக்கில், பள்ளத்தின் குறுக்கே மதில் எழுப்பியிருக்கும் மனைப்பிரிவின் குடியிருப்போர் சங்கத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் நீங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகல் வாட்ஸ்அப்பில் சுற்றி எனக்கும் வந்து சேர்ந்தது. "குடியிருப்புப் பகுதிக்குள் அத்துமீறி நுழையும் ஒற்றைக் காட்டு யானையைப் பிடித்து வேறு வனப்பகுதியில் விட வேண்டும்" என்று எழுதி, நாற்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த "அத்துமீறி" என்ற சொல்லைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். தனியாக வந்து பேசியிருக்கலாம். இரண்டு முறை வந்தேன், இரண்டு முறையும் செக்யூரிட்டி ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட்டிலேயே உட்கார வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் யாரென்று கேட்பீர்கள். உங்கள் கிளப் ஹவுஸ் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே தெரிகிற தென்னந்தோப்பு எங்களுடையது. உங்களில் சிலர் சனிக்கிழமைகளில் எங்களிடம்தான் இளநீர் வாங்குகிறீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே சொல்லிக் காட்டுவீர்கள். உங்கள் மனைப்பிரிவில் நாலு ஏக்கர் எங்கள் குடும்பத்து நிலம். தங்கை கல்யாணத்துக்காக அப்பா விற்றார். அதற்கும் முன்னால் செங்கல் சூளைக்கு மண் எடுக்க இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டவரும் அவர்தான். அந்தக் காசில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். ஆக, யானை விஷயத்தில் எங்கள் கை சுத்தம், உங்கள் கை அழுக்கு என்று சொல்ல நான் வரவில்லை. "மனிதன் காட்டை அழித்துவிட்டான்" என்று பொதுவாக வருத்தப்படுவது யாருக்கும் எளிது, அதில் யாருடைய சர்வே எண்ணும் வராது. எந்த மதில் எந்தப் புலத்தில் நிற்கிறது என்று பேச ஆரம்பித்தால்தான் முகம் மாறுகிறது. நான் அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் கிரில் போட்டு அடைத்திருக்கிற அந்தப் பள்ளம் மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால் மட்டும் இல்லை. தெற்கே மருதமலைப் பக்கத்துக் காட்டுக்கும் வடக்கே பாலமலைப் பக்கத்துக் காட்டுக்கும் நடுவில் கிடப்பதுதான் நம் பள்ளத்தாக்கு. சத்தியமங்கலம் பக்கமிருந்து சிறுமுகை, மேட்டுப்பாளையம், கல்லாறு, பெரியநாயக்கன்பாளையம், போளுவாம்பட்டி, மதுக்கரை என்று வாளையாறு வரை யானைகள் அடிவாரத்தையே பிடித்துக்கொண்டு நடக்கின்றன. ஏன் அடிவாரம்? மேற்கே மலை பல இடங்களில் சுவர் மாதிரி நிற்கிறது. நாலைந்து டன் உடம்பைத் தூக்கிக்கொண்டு, குட்டியையும் கூட்டிக்கொண்டு செங்குத்தில் ஏறுவதை யானை கூடியவரை தவிர்க்கும். மலைக்கும் ஊருக்கும் நடுவில் மீதமிருக்கும் ஒடுக்கமான சமதளம்தான் அதற்குச் சாலை. அதே சமதளத்தைத்தான் நம் ஆட்களும் கல்லூரிக்கும் ஆசிரமத்துக்கும் ரிசார்ட்டுக்கும் "ஹில் வியூ" மனைக்கும் தேடிப் பிடித்தார்கள். யானைக்குப் பிடித்த இடமும் நமக்குப் பிடித்த இடமும் ஒன்றாகப் போனதுதான் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம்.

ஒரு யானைக் கூட்டம் வருஷத்தில் சுற்றி வருவது நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு யானைக்கும் நாளைக்கு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாமல் தீனி வேண்டும், நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காடே காலியாகிவிடும் என்பதால்தான் அது நடந்துகொண்டே இருக்கிறது. நடக்கிற வழி அறுந்தால் ஒரு பக்கம் மாட்டிக்கொண்ட கூட்டம் அங்கேயே தின்று தீர்த்து, பிறகு எங்கள் வாழைக்குத்தான் வரும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், எங்கள் அப்பாருக்கே, அதாவது தாத்தாவுக்கே, தெரிந்திருந்தது. அவர் யானை என்று வாயால் சொல்ல மாட்டார், "பெரியவர்" என்பார். "பெரியவர் பள்ளத்துல போனா நாம மேட்டுல போவணும்" என்பதுதான் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த வனச்சட்டம். இன்னொன்று, எங்கள் ஊர்ப் பேச்சில் விளைநிலத்துக்கும் காடு என்றுதான் பெயர், சோளக்காடு, தோட்டங்காடு என்று. "காட்டுக்குப் போயிட்டு வந்தேன்" என்றால் வயலுக்குப் போய் வந்தேன் என்று அர்த்தம். யானைக்கும் அதே இலக்கணம்தான் போலிருக்கிறது.

சரி, உங்கள் மதிலுக்கு வருகிறேன்.

போன ஆவணியில் கட்டி முடித்தீர்கள். எட்டடி உயரம், மேலே கம்பி, பள்ளம் குறுக்கிடும் இடத்தில் மட்டும் தண்ணீர் போவதற்கு இரும்பு கிரில், மதில் நெடுக வெள்ளை வெளேரென்று ஃபோகஸ் லைட். அதற்கு முன்னால் அந்தக் கொம்பன் என்ன செய்துகொண்டிருந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராத்திரி பத்து பத்தரைக்கு மேல் பள்ளத்தில் இறங்கும். கரையோர மூங்கிலை ஒடித்துத் தின்னும். உங்கள் பின்பக்கத்துக்கும் எங்கள் தோப்புக்கும் நடுவே பள்ளத்தோடு பள்ளமாகவே போய், கிழக்கு வெளுக்கும் முன் வடக்கே மலையேறிவிடும். பல நாள் அது வந்து போனதே காலையில் யானை லத்தியைப் பார்த்தால்தான் எங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தோப்புக்குள் எட்டிப் பார்க்கும், பத்து வாழை போகும், அவ்வளவுதான்.

இப்போது அது கிரில் வரைக்கும் வந்து நிற்கிறது. லைட்டைப் பார்த்துத் திகைக்கிறது. பிறகு மதிலை ஒட்டியே கிழக்கே நடந்து, மதில் முடிகிற மூலையில் எங்கள் வேலியை மிதித்து உள்ளே வருகிறது. அங்கிருந்து தோப்பைக் கடந்து, காலனி லைன் வீடுகளின் சந்துக்குள் புகுந்து, தார்ச்சாலையில் ஏறுகிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரை பதினொரு ராத்திரி. நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் வந்து பாருங்கள். உங்கள் மதில் யானையை நிறுத்தவே இல்லை. திருப்பிவிட்டது. உங்கள் வீட்டுப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்ததை இன்னொருவர் வீட்டு முன்பக்கத்துக்குத் தள்ளிவிட்டது.

அந்த இன்னொருவர் யார் என்றும் சொல்ல வேண்டும். சூளையில் கல் அறுக்க வந்து, சூளை மூடிய பிறகும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்ட பதினாலு குடும்பங்கள். பாதி வீட்டுக்கு ஓட்டுக் கூரை, ஒற்றைக்கல் சுவர். உங்களில் பலர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவர்களும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர்களும் இவர்கள்தான். தை மாதம் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்கு அது ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டு ரேஷன் அரிசி மூட்டையை இழுத்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்ணும் ஒன்பது மாதக் கைக்குழந்தையும் படுத்திருந்தார்கள். நான் டார்ச்சோடு ஓடிப் போனபோது அவர் குழந்தையை நைட்டிக்குள் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு அடியில் ஒண்டியிருந்தார். குழந்தை அழவில்லை. அவர்தான் அழுதுகொண்டிருந்தார். வனத்துறையின் விரட்டுக் குழு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரே ஜீப், அதே நேரத்தில் அடுத்த ஊரில் இன்னொரு கூட்டத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் ஆள் ஒருவர் மொட்டை மாடியிலிருந்து அதை வீடியோ எடுத்து குரூப்பில் போட்டிருந்தார். "வாவ்", "சூப்பர் கேப்ச்சர்" என்று கீழே வரிசையாக வந்திருந்தது. வால்யூமை வைத்து இன்னொரு தடவை கேளுங்கள். யானை பிளிறல் இல்லை அது, அந்தப் பெண் அழுகிற சத்தம்.

யானையைப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்கிறீர்கள். சின்னத்தம்பி யானையை மறந்துவிட்டீர்களா, அல்லது அப்போது நீங்கள் இங்கே குடிவரவில்லையா? 2019 ஜனவரி 25 அன்று இதே பள்ளத்தாக்கில்தான் அதற்கு மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத் தள்ளி லாரியில் ஏற்றினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அழுதார்கள், நானே பார்த்தேன். ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் காட்டை விட்டு இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை என்று கரும்பும் நெல்லுமாக வயல்வெளியில் நடந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 15 அன்று மறுபடியும் பிடித்து வரகளியாறில் மரக்கூண்டில் அடைத்தார்கள். காட்டு யானையாக இருந்த அதன் வாழ்க்கை அதோடு முடிந்தது. 2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பிடித்த மக்னாவை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, டாப்சிலிப்பில் விட்டார்கள், அது பொள்ளாச்சி வழியாக நடந்து கோவைக்கே வந்துவிட்டது. அதே வருஷம் கேரளாவின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் மே மாதம் கம்பம் டவுனுக்குள் ஓடியதை டிவியில் பார்த்திருப்பீர்கள், அதை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். யானையின் மண்டைக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது, லாரியில் ஏற்றினால் அது அழிவதில்லை. சரி, அதையெல்லாம் விடுங்கள். சின்னத்தம்பி போன பிறகு இந்தப் பள்ளத்தாக்குக்கு யானை வருவது நின்றதா? வழி இருக்கிறவரை அடுத்தது வரும். இந்தக் கொம்பனைப் பிடித்துக்கொண்டு போனால், ஆடியில் இன்னொன்று வந்து அதே கிரில்லில் நெற்றியை வைத்து நிற்கும்.

"யானை பெருகிவிட்டது சார்" என்று உங்கள் செயலாளர் டீக்கடையில் சொன்னாராம். கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு யானைகள் 2023-ல் 2,961, 2024-ல் 3,063. கொஞ்சம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. மாநிலம் முழுக்க மூவாயிரம். அதே பத்துப் பதினைந்து வருஷத்தில் நம் ஒரு ரோட்டில் மட்டும் எத்தனை மனைப்பிரிவு போர்டு முளைத்தது என்று ஒரு நாள் வண்டியில் போய்க்கொண்டே எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன், பாதியில் விட்டுவிட்டேன்.

அப்புறம் பட்டா. "எங்கள் பட்டா நிலத்தில் நாங்கள் மதில் கட்டுகிறோம், யாரும் கேட்க முடியாது." இதைத்தான் கேட்டில் செக்யூரிட்டி கூட என்னிடம் சொன்னார், பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. இரண்டு விஷயம். ஒன்று, பள்ளம் உங்கள் பட்டாவில் இல்லை. அது ஓடைப் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கிப் பாருங்கள், நான் வாங்கிப் பார்த்துவிட்டேன். புரோமோட்டர் உங்களுக்குக் கொடுத்த கலர் பிரோஷரில் அந்த இடத்தில் "நேச்சர் வாக்" என்று போட்டிருக்கிறது. யாருடைய வாக் என்று மட்டும் போடவில்லை. இரண்டு, பட்டா என்றாலே எதுவும் செய்யலாம் என்பது உண்மை இல்லை. நீலகிரியில் சீகூர் வழித்தடத்தை 2010-ல் தமிழக அரசு அறிவித்தபோது அங்கே ரிசார்ட் வைத்திருந்தவர்களும் எங்கள் சொந்த நிலம் என்றுதான் வழக்குப் போட்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் பள்ளத்தாக்குக்கு அப்படி ஓர் அறிவிப்பு வரும்வரை காத்திருந்து, வந்த பிறகு வக்கீலுக்குக் காசு கொடுப்பதைவிட இப்போதே ஒரு கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது மலிவு.

அரசின் பக்கமும் கோளாறு இருக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் 42 யானை வழித்தடங்கள் என்று ஒரு வரைவு அறிக்கையை வெளியிட்டார்கள். முழுக்க ஆங்கிலம். கருத்துச் சொல்ல ஒரு வாரம்கூட அவகாசம் இல்லை. வழித்தடத்தில் குடியிருக்கிறவர்களுக்கே புரியாத மொழியில் வழித்தடத்தைக் கோடு போட்டால் ஜனங்கள் பயப்படத்தான் செய்வார்கள், கூடலூர்ப் பக்கம் அப்படித்தான் ஆயிற்று. எங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி. எந்தப் புலம், எத்தனை அடி அகலம், அதில் வீடு இருந்தால் என்ன, வாழை இருந்தால் என்ன என்று கிராம வரைபடத்தில் சர்வே எண்ணோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். உங்கள் மனைக்கு அங்கீகாரம் கொடுத்தவர்கள் கையில் அப்படி ஒரு படம் இருந்திருந்தால் நீங்களும் இப்படி மாட்டியிருக்க மாட்டீர்கள். சேமிப்பையெல்லாம் போட்டு, பேங்க் லோன் வாங்கி வீடு கட்டியவர்கள் நீங்கள், உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. காலை நடைக்குப் போகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிறார்கள். ஆனால் யானையின் வழியை அடைத்த மதிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பதுதான் அதிக ஆபத்து. தப்பிக்க இடமில்லாமல் மதிலோரம் மாட்டிக்கொண்ட யானைதான் திரும்பித் துரத்தும்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறேன். மானாவாரிச் சோளமும் பயறும் போட்ட நிலத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டு வாழையும் தென்னையும் வைத்தது நாங்கள். வருஷம் முழுக்கப் பச்சையாக, இனிப்பாக, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தி. சூளைகள் எரிக்கக் கொண்டுவந்து அடுக்கிய பனைமரத் துண்டுகளில் இருந்த சோற்றை, அதாவது மெத்தென்ற உள்தண்டை, தின்று பழகித்தான் பல யானைகள் இந்தப் பக்கம் ருசி கண்டன. 2021-ல் 180-க்கும் மேற்பட்ட சூளைகளை மூடினார்கள், ஆனால் மண் தோண்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன. பனைமர உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய குழியில் யானை இறங்கி ஏற முடியாது. எங்கள் இரண்டு ஏக்கர் குழியும் அதில் ஒன்று. ஒரு பக்கம் எங்கள் குழி, ஒரு பக்கம் உங்கள் மதில், நடுவில் மிச்சமிருந்தது அந்தப் பள்ளம்தான்.

வழி விட்டால் யானை அதில் போகுமா என்று கேட்பீர்கள். போகும். மதுக்கரை, வாளையாறு ரயில் பாதையில் வருஷக்கணக்காக யானைகள் அடிபட்டுச் செத்தன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று போயின, அந்தச் சத்தத்தில்தான் எல்லோரும் விழித்தார்கள். எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு சுரங்க வழி கட்டினார்கள், மதுக்கரையில் 2024-ல் கேமரா வைத்து யானை வருவதை முன்கூட்டியே கண்டுபிடித்து ரயிலுக்குச் சொல்கிற ஏற்பாடும் வந்தது. அந்தச் சுரங்க வழியில் யானைகள் இறங்கிப் போகின்றன. வயநாட்டில் திருநெல்லி, குதிரக்கோடு வழித்தடத்தில் குடியிருந்த குடும்பங்களோடு பேசி, அவர்கள் சம்மதத்தோடு நிலத்தை விலைக்கு வாங்கி, வேறு இடத்தில் வீடு கொடுத்து வழியைத் திறந்தார்கள். நான் உங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஒரு கிரில்லைக் கழற்றச் சொல்கிறேன்.

கேட்பது இதுதான். பள்ளத்தின் இரண்டு கரையிலும் மதிலை முப்பது முப்பது மீட்டர் உள்வாங்கிக் கட்டுங்கள், கிரில்லைச் சித்திரைக்குள் எடுத்துவிடுங்கள். நீங்கள் வைத்திருக்கிற பாதுகாப்பு வீடுகளைச் சுற்றி இருக்கட்டும், பள்ளத்தைச் சுற்றி வேண்டாம். பள்ளத்தைப் பார்த்து அடிக்கிற ஆறு ஃபோகஸ் லைட்டையும் தெருவைப் பார்த்துத் திருப்புங்கள், இதற்கு ஒரு எலக்ட்ரீஷியனும் அரை நாளும் போதும், நாளைக்கே செய்யலாம். பின்பக்கம் கொட்டுகிற சமையல் கழிவை நிறுத்துங்கள், பழத்தோல் வாசனைக்கு யானை மட்டுமா, பன்றியும் வருகிறது, பன்றிக்குட்டிக்குச் சிறுத்தையும் வரும். யானையைப் பிடிக்கக் கேட்ட மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்குப் பதிலாக இன்னொரு ஜீப்பும் ஆளும் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன், எங்கள் ஊரில் இருநூறு கையெழுத்து வாங்கித் தருகிறேன். வழித்தடத்தைக் கிராம வரைபடத்தில் குறிக்கும்வரை பள்ளத்தின் இரு பக்கமும் புது மனைக்கு அனுமதி தரக் கூடாது என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், அதற்கு வந்து ஓட்டுப் போடுங்கள், ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் கிராம சபை உறுப்பினர்கள்தான். கடைசியாக, சுவர் இடிந்த அந்த அடுப்படியைக் கட்டிக் கொடுங்கள். அரசு நிவாரணம் வரும்போது வரட்டும், இப்போது தார்ப்பாய்தான் தொங்குகிறது.

என் பக்கம் பள்ளக்கரையோரம் இருந்த ஒன்றரை ஏக்கர் வாழையை இந்த வெட்டோடு நிறுத்திவிட்டேன். மறுபடி வைக்கப் போவதில்லை, மஞ்சளோ மிளகாயோ போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சூளைக் குழியின் ஒரு கரையைச் சரித்துவிட ஜேசிபிக்குச் சொல்லியிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளத்தின் மேல்கோடி வேலாமரத்தடியில் இருப்பேன். சங்கத்திலிருந்து நாலு பேராவது வாருங்கள், யானை நடக்கிற வழியை முழுக்க நடந்து காட்டுகிறேன், ஒரு மணி நேரம்தான் ஆகும். முள் அதிகம், ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம்.